கரையில் படிந்த எண்ணெயும் கணக்கில் வராத நோயும்

(குத்தம்பாக்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமுத்திரக் கரையிலிருந்து 25 கிலோமீட்டருக்கும் மேலாக உள்ளே தள்ளி, செம்பரம்பாக்கம் ஏரிக்கும் பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் அண்மையில் அமைந்த இந்தக் குத்தம்பாக்கத்தில், கடலில் எண்ணெய் கொட்டினால் கரையோர ஜனங்களின் தேகாரோக்கியம் என்ன கதிக்கு ஆளாகிறது என்பதைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவன் வந்து நிற்கிறானே என்று உங்களில் சிலருக்கு வியப்பு உண்டாகலாம். இரண்டு காரணங்கள் உண்டு. நாசரேத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் அது நேரே மீஞ்சூரில் கொண்டுபோய் விடுகிறது. அந்தச் சாலையின் இந்தப் பக்கத்தில் ஓடுகின்ற லாரிக்கும் பஸ்ஸுக்கும், உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கும், அடுப்பில் எரிகிற வாயுவுக்கும் வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி, அதன் அந்தப் பக்கத்திலுள்ள மணலியிலும் எண்ணூரிலும் இறக்கப்பட்டும் சுத்திகரிக்கப்பட்டும் வருகிறது. பயன் இங்கே, பழி அங்கே என்று இருக்கும்போது, பயன் பெறுகிறவர்கள் அந்தப் பழியின் தன்மையையாவது அறிந்திருப்பது நியாயம் என்பது முதற்காரணம். இரண்டாவது காரணத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அது இவ்வூரை நேராகச் சம்பந்தப்படுத்துவது.

2017ஆம் வருஷம் ஜனவரி 28ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன்னால், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, சரக்கை இறக்கிவிட்டுப் புறப்பட்ட 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும், பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்' என்ற கப்பலும் மோதிக்கொண்டன. எண்ணெய் ஒன்றும் கசியவில்லை என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது. ஆனால் எர்ணாவூர்ப் பக்கத்துக் குப்பங்களில், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறைகளின் இடுக்குகளில் கருங்குழம்பு வந்து அடைந்தபோது, அறிவிப்பைவிடக் கடல் உண்மை பேசிற்று. வெளியேறியது 200 முதல் 250 டன் வரை இருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள். அந்தக் குழம்பு திருவொற்றியூர், காசிமேடு, மெரினா என்று தெற்கு நோக்கிப் பரவியது. கடல்நீரோடு கலந்து கெட்டிப்பட்ட அதை உறிஞ்ச வந்த இயந்திரங்கள் திணறியபடியால், கடலோரக் காவல்படையினரோடு மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் வரிசையாக நின்று, வாளியால் மொண்டு கைமாற்றிக் கரையேற்றினார்கள். அந்த நாட்களின் புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கையுறை அணிந்தவர்கள் இருந்தார்கள், வெறுங்கையோடும் வெறுங்காலோடும் முழங்கால்வரை அந்தக் குழம்பில் இறங்கி நின்றவர்களும் இருந்தார்கள்.

ஏறக்குறைய ஏழு வருஷங்கள் சென்று, 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தபோது, இந்த முறை எண்ணெய் கடலிலிருந்து கரைக்கு வரவில்லை. நிலத்திலிருந்து கடலுக்குப் போயிற்று. 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆற்றலோடு இயங்கத் தொடங்கி, இன்று 105 லட்சம் டன் அளவுக்கு வளர்ந்திருக்கும் மணலி சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்தில் தேங்கிய வெள்ளநீரோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு கூறிற்று. தங்கள் குழாய்களில் கசிவு ஏதுமில்லை என்று ஆலைத் தரப்பு மறுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இந்த வாதப் பிரதிவாதங்கள் நடந்துகொண்டிருக்கையில் எண்ணெய் தன் வழியே போய், கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரத்தை எட்டி, அலையாத்திச் செடிகளின் வேர்களிலும் வலைகளிலும் படகுகளிலும் வீடுகளிலும் படிந்தது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துப் பறக்கமாட்டாமல் நின்ற காட்சி பத்திரிகைகளில் வந்தது. அந்தப் பறவைகளைக் கண்டு மனம் இளகியவர்கள் பலர், நல்லதுதான். அதே நீரில் மார்பளவுக்கு நின்ற மனிதர்களின் மார்புக்குள் என்ன நிகழ்ந்தது என்பதே என் விசாரம்.

வைத்தியத் தொழிலில் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், அந்த வெள்ளம் வடிந்த பிறகு முகத்துவாரத்தையொட்டிய ஒரு குப்பத்துக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டின் சுவரில் இடுப்பளவு உயரத்தில் கறுப்புக் கோடு ஒன்று, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக ஓடியது. வெள்ளம் எந்த மட்டத்தில் எத்தனை நேரம் நின்றது என்பதற்கு அதுவே சாட்சி. அரிசிப் பானை, துணிமணி, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் பிசுக்கு. ஒரு மீனவர் தம் முன்கையை நீட்டிக் காட்டினார். தோல் சிவந்து, சில இடங்களில் வெடித்திருந்தது. "கண்ணு எரியுது, தலை சுத்துது ஐயா. இன்னா பண்றது, வலையைத் தூக்கிப் போட்டுட முடியுமா?" என்றார். கையிலிருந்த எண்ணெயை எதைக் கொண்டு போக்கினீர்கள் என்று கேட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்ததாகச் சொன்னார். குப்பத்தில் அநேகமாக எல்லோரும் அதைத்தான் செய்திருந்தார்கள்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெரிய விஷயங்களைப் பேசுகிற அவசரத்தில் இம்மாதிரியான சிறு விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தோலின் மேலுள்ள இயற்கையான கொழுப்புக் காப்பைக் கரைத்துவிடுகின்றன. காப்பு போன தோலின் வழியே, அதே எண்ணெயிலுள்ள விஷப் பொருள்கள் முன்னிலும் எளிதாக உள்ளே இறங்குகின்றன. சமையல் எண்ணெய் எதையாவது தடவி, பழந்துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவதே சரியான முறை. கையுறையும் முட்டளவுக் காலணியும் கொடுக்க வகையில்லாத இடத்திலும்கூட இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

கச்சா எண்ணெய் என்பதும் கப்பலில் எரிக்கிற உலை எண்ணெய் என்பதும் தனித்த ஒரு பொருளல்ல. ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன் சேர்மங்களின் கூட்டம். அக்கூட்டத்தில் இலேசானவையான பென்சீன், டொலுயீன், சைலீன் முதலியவை எண்ணெய் வெளிப்பட்ட ஓரிரு நாட்களுக்குள்ளேயே ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகின்றன. நம் மூக்கில் ஏறுகிற நெடியில் பெரும்பங்கு அவற்றினுடையது. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி, மயக்கம், குமட்டல், இருமல் ஆகியவை உடனே தோன்றுவது இவற்றால்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த முதல் இரண்டு நாட்களே அதிக ஆபத்தானவை. துரதிருஷ்டவசமாக, எண்ணெய் கொட்டியதா இல்லையா என்ற சர்ச்சை நடந்துகொண்டிருப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு நாட்களில்தான். பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்த உற்பத்தியைக் கெடுக்க வல்லது; மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்தப்பட்டிருப்பது. கனமான சேர்மங்களோ ஆவியாகாமல் சேற்றிலும் மணலிலும் மாதக்கணக்காகத் தங்குகின்றன. அவற்றுள்ளும் பல வளையங்கள் கோத்த பென்சோபைரீன் போன்ற சில, புற்றுநோய்க்கு வித்திடுபவை. துணிப்பெட்டியில் போடுகிற அந்துருண்டையின் நாப்தலீனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

காற்று, தோல் என்னும் இந்த இரண்டு வாயில்களோடு வாய் என்பது மூன்றாவது. எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளில் இருளர் பெண்கள் இறால் பிடிக்கும் முறையை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். வலையில்லை, படகில்லை, கழியில் அமிழ்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி, அகப்பட்ட இறாலைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் பறியில் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நகர்கிறார்கள். தண்ணீரின் மேல்மட்டத்துக்கும் அவர்கள் உதட்டுக்கும் இடையே இருப்பது நாலு விரற்கடை. எண்ணெய் மிதப்பது அந்த மேல்மட்டத்தில். படகும் வலையும் உடையவர்களுக்கு நஷ்ட ஈட்டுப் பட்டியலில் ஓர் இடம் கிடைக்கிறது. கையொன்றே கருவியாக உள்ள இந்தப் பெண்களுக்கு நஷ்டமானது எது என்று எந்தப் பட்டியலில் எழுதுவது? அவர்கள் பிடிக்கிற இறாலிலும் நண்டிலும் மட்டியிலும் நான் சொன்ன கனமான சேர்மங்கள் தங்குகின்றன. மீன் அவற்றைத் தன் ஈரலில் ஓரளவு சிதைத்து வெளியேற்றிவிடும். மட்டி இனங்களுக்கு அந்தச் சக்தி குறைவு. விற்க முடியாத பிடிப்பு எங்கே போகிறது? பிடித்தவர்களின் சட்டிக்குத்தான்.

இனி மனத்தைப் பற்றி. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டிய பிறகு, ஏறக்குறைய ஒரு வருஷம் சென்று 13 ஊர்களில் விசாரித்த ஆராய்ச்சியாளர்கள், எண்ணெயால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களிடம் தீராத கவலை நோய், மற்றவர்களைக் காட்டிலும் மூன்றரை மடங்குக்கு மேல் காணப்பட்டதென எழுதினார்கள். தொழில் நின்று, கடன் ஏறி, தம் மீனை எவரும் வாங்குவாரில்லை என்ற நிலையில் தூக்கம் கெடுவதை நோய் என்று சொல்லிக்கொள்ளக்கூட நம் குப்பங்களில் கூசுகிறார்கள்.

இவையெல்லாம் சில நாள் உபத்திரவங்கள்தானே, எண்ணெய் போனால் தாமும் போய்விடும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. இதற்குப் பதில் அநுமானத்தால் கிடைப்பதல்ல; வெளிதேசங்களில் பொறுமையோடு எண்ணிப் பார்த்தவர்களின் உழைப்பால் கிடைத்திருக்கிறது. 2002 நவம்பரில் ஸ்பெயின் தேசத்து கலீசியாக் கரைக்கு அப்பால் 'பிரெஸ்டீஜ்' என்ற கப்பல் மூழ்கி, சுமார் 63,000 டன் கன எண்ணெய் வெளியேறியது. துப்புரவில் இறங்கிய மீனவர்கள் உள்ளிட்ட 6,780 பேரை விசாரித்தபோது, எத்தனை நாள் அந்த வேலை செய்தார்களோ அத்தனைக்கு அவர்களிடம் சுவாச உபாதைகள் மிகுந்திருந்தன. வேலை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலான பின்னும் அவை தீரவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பின் நடந்த வேறோர் ஆய்வில், வேலை செய்தவர்களின் மூச்சிலே நுரையீரல் பழுதுக்கான அடையாளங்களும், சிலருடைய ரத்த அணுக்களில் குரோமோசோம் சேதமும் தென்பட்டன. 2007 டிசம்பரில் கொரியாவின் தேயான் கரையில் 'ஹீபே ஸ்பிரிட்' கப்பலிலிருந்து 10,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியபோது, 10 லட்சத்துக்கும் அதிகமான தொண்டர்கள் திரண்டு பாறை பாறையாகத் துடைத்தார்கள். அந்நாட்டு அரசு அதோடு நின்றுவிடாமல், அங்கேயே ஒரு சுற்றுச்சூழல் சுகாதார மையத்தை அமைத்து, கரைவாசிகளின் உடல்நிலையை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தது. கரைக்கு அருகே வசித்த பள்ளிப் பிள்ளைகளிடம் நுரையீரலின் வலு குறைந்தும் ஆஸ்துமா மிகுந்தும் இருந்தது அதனால்தான் தெரியவந்தது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் நேர்ந்த பெருவிபத்துக்குப் பின் அமெரிக்காவில் சுமார் 33,000 பேரைப் பதிவு செய்துகொண்டு பல வருஷங்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள்.

எனக்கு இவற்றையெல்லாம்விட மிகவும் முக்கியமாகத் தோன்றுவது நம் அண்டை நாட்டு நகரமான கராச்சியில் நடந்தது. 2003 ஜூலையில் 'டாஸ்மன் ஸ்பிரிட்' என்ற கப்பல் கராச்சித் துறைமுக வாயிலில் தரைதட்டி, பிறகு பிளந்து, ஏறக்குறைய 30,000 டன் கச்சா எண்ணெயைக் கிளிஃப்டன் கடற்கரை ஓரமாகக் கொட்டிற்று. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் செய்த காரியம் மிக எளிமையானது, அதனாலேயே மெச்சத்தக்கது. கரையோரத்தில் வசிப்பவர்களை ஒரு குழுவாகவும், கரையிலிருந்து 2 கிலோமீட்டரில் வசிப்பவர்களை மற்றொரு குழுவாகவும், 20 கிலோமீட்டர் தொலைவில் வசிப்பவர்களை மூன்றாவது குழுவாகவும் எடுத்துக்கொண்டு, ஒரே கேள்விகளை எல்லோரிடமும் கேட்டார்கள். கண் எரிச்சல், தொண்டை வலி, தலைவலி, இருமல் போன்றவை கரையில் மிகுந்தும், தூரம் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்பட்டன. இப்படிப் படிப்படியாகக் குறைகிற வரிசையைக் காட்டிய பிறகு, "ஜனங்கள் சும்மா சொல்லுகிறார்கள்" என்று எவரும் ஒதுக்க முடியாதல்லவா?

நம் எண்ணூருக்கு இப்போது திரும்புவோம். 2023 எண்ணெய்க் கசிவுக்குப் பின் அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மருத்துவ முகாம்களும் நடந்தன. இந்த உதவியை நான் குறைத்துப் பேசவில்லை. அடுப்பெரியாத வீட்டுக்கு அது பெரிதே. ஆனால் அந்தக் கணக்கைத் திரும்பப் படியுங்கள். குடும்பம் எண்ணப்பட்டிருக்கிறது, படகு எண்ணப்பட்டிருக்கிறது, ஒரு நுரையீரல்கூட எண்ணப்படவில்லை. முகாமில் களிம்பும் மாத்திரையும் பெற்றுக்கொண்டு போனவர்களை, ஆறு மாதம் கழித்து, இரண்டு வருஷம் கழித்து, பெயர் சொல்லி அழைத்து "இப்போது எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதற்கான ஒரு பதிவேடு வேண்டும் என்பதே இன்று நான் வற்புறுத்த வந்த விஷயம். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்ற கோட்பாட்டை நமது உச்சநீதிமன்றம் 1996இல் நிலைநாட்டியது இதே தமிழ்நாட்டின் வேலூர்த் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில்தான். ஆனால் நோய்க்கு ஈடு கேட்பவன் நோயை நிரூபிக்க வேண்டும்; நிரூபிப்பதற்கு ஏடு வேண்டும்; ஏடு இல்லாதவன் வெறுங்கையோடு திரும்புகிறான்.

எண்ணூரில் இந்த நிரூபணம் மற்ற இடங்களைக் காட்டிலும் கடினம். அனல்மின் நிலையங்களின் சாம்பலையும் ஆலைகளின் புகையையும் பல வருஷங்களாகச் சுவாசித்தவர்கள் அவர்கள். எண்ணெய் படிந்த அதே டிசம்பர் மாதத்தின் 26ஆம் தேதி நள்ளிரவில், அங்கேயே ஓர் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வெளிப்பட்டு, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள். இருமுகிற ஒருவனைப் பார்த்து, இது எண்ணெயாலா, சாம்பலாலா, அமோனியாவாலா என்று கேட்டால் எந்த வைத்தியரும் விடை சொல்ல முடியாது. பல கேடுகள் ஒருவன்மேல் குவிந்திருப்பதே ஒவ்வொரு கேட்டுக்கும் தப்பிக்க வழியாகிவிடுவது என்ன கொடுமை! மேலும், பென்சீன் உடலில் புகுந்ததற்கான தடயம் சிறுநீரில் ஓரிரு நாட்களே நிற்கும். அதற்குள் மாதிரி எடுத்து வைக்காவிட்டால், பின்னால் எத்தனை பெரிய கமிட்டி அமைத்தாலும் அந்தச் சாட்சியை மீட்க முடியாது. ஆகவே பதிவேட்டுக்கான படிவமும், மாதிரி எடுப்பதற்கான ஆட்களும், விபத்துக்கு முன்பே ஆயத்தமாக இருக்கவேண்டும். கடலோரக் காவல்படையிடம் எண்ணெயை எதிர்கொள்ள 1996 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சு கருவிகளும் எங்கே இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். அதுபோல, எண்ணூரிலிருந்து நாகூர்ப் பட்டினச்சேரி வரையுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதற்கென ஓர் அலமாரி இருக்க வேண்டாமா? பட்டினச்சேரியைச் சொல்லக் காரணம், 2023 மார்ச்சில் அங்கே கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து, கடலோர ஜனங்கள் அதே கண் எரிச்சலைத்தான் முறையிட்டார்கள்.

நம்மால் ஆகாத காரியமென்று இதைச் சொல்ல முடியாது. 1984ஆம் வருஷத்து போபால் விபத்துக்குப் பின், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விஷவாயு தாக்கியவர்களையும் தாக்காத பகுதியில் வசித்தவர்களையும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. அந்தக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில். வித்தையும் ஆட்களும் இந்த மேற்குப் புறநகரிலேயே இருக்கின்றன.

முதலில் ஒத்திவைத்த இரண்டாவது காரணத்துக்கு வந்துவிட்டேன். கராச்சியில் கரையோரத்தாரின் நோயை மெய்யென்று நிலைநாட்டியவர்கள் யார்? 20 கிலோமீட்டருக்கு அப்பால், எண்ணெயைக் கண்ணாலும் காணாமல், தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "எனக்குக் கண் எரியவில்லை, எனக்கு இருமல் இல்லை" என்று பொறுமையோடு பதில் சொன்ன அந்த மூன்றாவது குழுவினர். அவர்கள் பதில் சொல்லாவிட்டால் கரையோரத்தாரின் பதிலுக்கு எடை ஏது? எண்ணூர் ஜனங்களுக்கு ஒரு பதிவேடு ஏற்படுமானால், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, இதே மழையும் வெயிலும் இதே உணவும் உடையதாய், கடலுக்குத் தொலைவான ஓர் ஊர் வேண்டும்.

அந்த ஊராகக் குத்தம்பாக்கம் இருக்கக் கூடாதா? வேதியியல் பொறியியல் படித்த திரு. ஆர். இளங்கோ 1996இல் ஊராட்சித் தலைவரான காலந்தொட்டு, கிராமசபை என்பது கையெழுத்துப் போட்டுக் கலைகிற கூட்டமல்ல என்று நாட்டுக்குக் காட்டிய ஊர் இது. நகரத்துக் குப்பையை உங்கள் மேய்க்கால் நிலத்தில் கொண்டுவந்து கொட்ட ஏற்பாடு நடந்தபோது, ஏரிக்கு வரப்போகும் கேட்டை எடுத்துச் சொல்லி நீங்கள் எதிர்த்து நின்றீர்கள். பிறருடைய கழிவு தம் வாசலுக்கு வருவதன் துயரத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த கிராமசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: எண்ணூர் முகத்துவாரத்து ஜனங்களுக்கு நீண்டகால உடல்நலப் பதிவேடு ஏற்படுத்தவேண்டும் என்றும், அதில் ஒப்பீட்டு ஊராக இருக்கக் குத்தம்பாக்கம் சம்மதிக்கிறது என்றும் இரண்டே வாக்கியங்கள் போதும். அதன் நகல் ஒன்று மாவட்ட ஆட்சியருக்கும், மற்றொன்று சுகாதாரத் துறைக்கும், மூன்றாவது அயப்பாக்கத்துக்கும் போகட்டும். தீர்மானத்தின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அவைத்தலைவரிடம் சேர்ப்பித்துவிடுகிறேன். திருத்தம் வேண்டுவோர் இன்றே சொல்லலாம்.